சாப்பாட்டு டப்பாவில் சில சின்ன மாற்றங்கள்: பெற்றோர் கவனத்திற்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். சத்தான உணவு என்றதும் பிள்ளையின் டப்பாவை ஒரே நாளில் அடியோடு மாற்றிவிட வேண்டாம். பழக்கமில்லாத உணவு பெரும்பாலும் தொடப்படாமலே வீடு திரும்பும். பிள்ளை மதியம் முழுக்கப் பசியோடு உட்கார்ந்திருக்கும். விரும்பிச் சாப்பிடுவதையே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

முதலில் குடிக்கும் பானத்தைப் பாருங்கள். 330 மி.லி. கோலாவில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை, அதாவது ஒன்பது தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல், ஒரு நாளின் கலோரியில் 10 விழுக்காட்டுக்குள் இப்படிப்பட்ட சர்க்கரை இருக்க வேண்டும், 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. அந்த 5 விழுக்காடு பெரியவர்களுக்கே சுமார் 25 கிராம்தான். வீட்டில் பிழிந்த பழச்சாறும் இந்தக் கணக்கில்தான் வரும். வடிகட்டும்போது நார்ச்சத்து போய்விடுவதால், பழத்தைப் பழமாகவே கொடுங்கள். பாலில் இரண்டு கரண்டி சர்க்கரை போடுகிறவர்கள் இரு வாரம் ஒன்றரை, பிறகு ஒன்று என்று குறைத்தால் நாக்கு தானாகப் பழகிவிடும்.

நறுக்கிய ஆப்பிள் பழுப்பேறினால் பிள்ளைகள் ஒதுக்கிவிடுவார்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு கரைத்து, துண்டுகளைப் பத்து நிமிடம் ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து வையுங்கள்.

பொரித்த உருளைக்கிழங்குக்குப் பழகிய பிள்ளைக்கு அடுப்பில் சுட்டதைக் கொடுத்துப் பாருங்கள். அரைக் கிலோ கிழங்கை விரல் தடிமனில் நறுக்கி, அரை மணி நேரம் குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். மேலே ஒட்டியிருக்கும் மாவுச்சத்து கழன்றுவிடும். துணியால் ஈரம் போக ஒற்றி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் புரட்டி, 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஓவனில் 30 முதல் 35 நிமிடம் வையுங்கள். பாதியில் ஒருமுறை திருப்பிவிடுங்கள். பலருக்கும் தொளதொளவென்று வருவதற்குக் காரணம், ஈரத்தோடு வைப்பது அல்லது தட்டில் நெருக்கியடித்துப் பரப்புவது. அப்படி வைத்தால் ஆவியில் வேகுமே தவிர மொறுமொறுப்பு வராது. உப்பைக் கடைசியில் தூவினால் அது மேலேயே நிற்கும், குறைவாகவே போதும்.

முழு தானியத்துக்கு மாறுகிறவர்கள் கால் பங்கில் தொடங்குங்கள். தீட்டாத அரிசியையும் வெள்ளை அரிசியையும் ஒரே பாத்திரத்தில் வேகவைத்தால் ஒன்று குழையும், மற்றது வேகாது. தனித்தனியே வேகவைத்துக் கலப்பதுதான் சரி. முழு தானிய மாவு தண்ணீரை அதிகம் இழுக்கும். கொஞ்சம் கூடுதலாக ஊற்றிப் பிசைந்து, 20 நிமிடம் ஊறவிடுங்கள். பருப்பு, கீரை கொடுக்கும் நாளில் எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும். கூடவே தேநீர் குடித்தால் அது குறையும்.

பாக்கெட் தீனி வாங்கும்போது முன்பக்க வாசகத்தை நம்பாமல் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்மானங்கள் எடை அதிகமானதிலிருந்து வரிசையாக இருக்கும். குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், பிரக்டோஸ் எல்லாமே சர்க்கரைதான். சோடியம் என்று போட்டிருந்தால் 2.5ஆல் பெருக்குங்கள், உப்பின் அளவு தெரியும்.

சூடாகப் போட்டு உடனே டப்பாவை மூடினால் ஆவி தண்ணீராகிச் சொட்டி, உணவு சொதசொதவென்றாகிவிடும். தட்டில் பரப்பிச் சூடு தணிந்ததும் மூடுங்கள். முட்டை, பால், இறைச்சி சேர்ந்த உணவு சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அதனால் கொதிக்கக் கொதிக்க ஃபிளாஸ்க்கில் போடுங்கள், இல்லையென்றால் ஐஸ் பேக்கோடு அனுப்புங்கள்.

ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முழுக் கொட்டைகளைத் தர வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். திராட்சையை நீளவாக்கில் நறுக்கி அனுப்புங்கள். பிள்ளைகள் டப்பாவைப் பகிர்ந்து சாப்பிடுகிறார்கள். ஆகவே உங்கள் பிள்ளைக்கு நிலக்கடலை, பால், முட்டை என எதில் ஒவ்வாமை இருந்தாலும், என்ன அறிகுறி வரும், என்ன மருந்து கொடுக்க வேண்டும் என்பதை எழுதி வகுப்பாசிரியரிடம் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்