கைதிக் கப்பல் மட்டுமல்ல

ஆசிரியருக்கு, ஞாயிறு இதழில் வந்த கட்டுரை 'எட்வின் ஃபாக்ஸ்' பாய்மரக் கப்பலைக் கைதிக் கப்பல் என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டது. 1858-இல் மேற்கு ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளைக் கொண்டுபோனது அதன் ஒரே ஒரு பயணம்தான். அதற்கு முன் கிரிமியப் போருக்குப் படைவீரர்கள். அப்புறம் நியூசிலாந்துக்குக் குடியேறிகள். அதன் பிறகு, பாவம், உறைந்த ஆட்டிறைச்சிக்குக் கிடங்கானது; கடைசியில் நிலக்கரிக்கும் கிடங்கானது.

1853-இல் அது கட்டப்பட்டது கல்கத்தாவுக்கு எதிர்க்கரையில் உள்ள சால்கியாவில் என்பதையும் கட்டுரை விட்டுவிட்டது. நியூசிலாந்தின் பிக்டன் அருங்காட்சியகத்தில் அதற்குள் இறங்கிப் பார்த்திருக்கிறேன். பாய்மரங்கள் போய்விட்டாலும் தேக்குப் பலகைகள் இன்னும் நிற்கின்றன. சால்கியா ஆற்றங்கரையில் இந்த வரலாற்றைச் சொல்லும் தகவல் பலகை ஒன்றை மேற்கு வங்க அரசு வைக்கலாம்.

– வாசகர், திருச்சி