ஒட்டிய பக்கம்

அன்பு மகளுக்கு,

உன் பழைய கதைப் புத்தகங்களில் எதையெல்லாம் சின்னவனுக்கு அனுப்பலாம் என்று போனில் கேட்டாயே, நேற்று பெட்டியை இறக்கினேன். தூசி தட்டத்தான் உட்கார்ந்தேன். தட்டியது கொஞ்சம், படித்தது நிறைய. அப்பா இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

சிவப்புத் தொப்பிச் சிறுமி கதையும் கிடைத்தது. அதில் இரண்டு பக்கங்களைப் பசை போட்டு ஒட்டியது நான்தான். உனக்கு அப்போது நான்கு வயது. பாட்டி இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஓநாய் பாட்டியை விழுங்கும் படம் அங்கேதான் இருந்தது. குழந்தை பயந்துவிடுவாள் என்று அப்பாவிடம் சொன்னேன். "ஓநாய் கதவைத் தட்டியது, யாரும் திறக்கவில்லை, போய்விட்டது" என்று கதையை முடித்துவிடுவேன். நீ என்னை ஒரு மாதிரி பார்ப்பாய்.

அந்தப் பக்கங்கள் பிரிந்திருக்கின்றன. ஓரமெல்லாம் நகத்தால் சுரண்டிய தடம். இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தை சொன்னாயா, கள்ளி!

இந்த வேலையைச் செய்த முதல் ஆள் நான் இல்லை. 1697-ல் பிரான்சில் பெரோ எழுதிய கதையில் ஓநாய் பாட்டியைத் தின்று, சிறுமியையும் தின்றுவிடும். அத்தோடு சரி. காப்பாற்ற யாரும் வரமாட்டார்கள், கீழே ஒரு புத்திமதிப் பாட்டு மட்டும் இருக்கும். வயிற்றைக் கிழித்து இருவரையும் உயிரோடு வெளியே எடுப்பது 1812-ல் கிரிம் சகோதரர்களின் தொகுப்பில். அவர்களுடைய இன்னொரு கதை உனக்குப் பிடிக்குமே, பஞ்சத்தில் காட்டில் விடப்பட்ட அண்ணன் தங்கை கதை. அதன் முதல் பதிப்பில் பிள்ளைகளை விட்டுவிட்டு வரச் சொல்பவள் பெற்ற தாய். 1840-ல் வந்த பதிப்பில் அவளை மாற்றாந்தாய் ஆக்கிவிட்டார்கள். பெற்றவள் அப்படிச் சொன்னாள் என்று அச்சில் விட மனம் வரவில்லை போலிருக்கிறது. காட்டில் நிற்கிற குழந்தைக்கு அதனால் பசி குறைந்ததா என்ன?

என் கதையும் அதுதான். அந்த வரியைச் சத்தமாக வாசிக்க என்னால் முடியவில்லை. பழியை உன் பயத்தின்மேல் போட்டுவிட்டேன். நீயோ பாட்டி எங்கே என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாய். புத்தகமாவது உனக்கு ஒரு பதில் வைத்திருந்தது.

ஒரு காலத்தில் இதையெல்லாம் மறைக்கவே மாட்டார்கள். 1671-ல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஜேன்வே என்ற பாதிரியார் குழந்தைகளுக்கென்று எழுதிய புத்தகம் முழுக்கப் பக்தியோடு செத்துப்போகும் குழந்தைகள்தான். அதை நான் உனக்கு வாசித்திருக்க மாட்டேன், அது வேறு விஷயம். அப்புறம் 1744-ல் லண்டனில் நியூபெரி என்பவர் ஒரு குட்டிப் புத்தகம் போட்டு, கூடவே பையன்களுக்குப் பந்தும் பெண்களுக்குக் குண்டூசி குத்தும் திண்டும் விற்றார். ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் கறுப்பு. நல்லது செய்தால் சிவப்பில் ஒரு குண்டூசி, தப்பு செய்தால் கறுப்பில் ஒன்று. உன் திண்டில் கறுப்புப் பக்கம் இடம் போதாமல் போயிருக்கும்!

நம் பிள்ளைத்தமிழ் எனக்கு உயிர். தாலாட்டி, கை கொட்டச் சொல்லி, முத்தம் கேட்டு, தளர்நடை போட்டு வரச் சொல்லி, 'இவளோடு விளையாட வா' என்று நிலாவைக் கெஞ்சியும் மிரட்டியும் கூப்பிட்டு, பத்துப் பருவம் பாடுவார்கள். எல்லாம் சரி, பிள்ளை வாயே திறக்காது. எப்படித் திறக்கும்? இலக்கணக் கணக்குப்படி மூன்றாம் மாதம் தொடங்கி இருபத்தொன்றாம் மாதத்தில் பத்துப் பருவமும் முடிந்துவிடுகிறதே. அது பெற்றவர்கள் படித்து உருகுவதற்கான குழந்தைப் பருவம்.

நீ திரும்பத் திரும்பக் கேட்ட கதைகளை அடுக்கிப் பார்த்தேன். பாதிக்கு மேல் அம்மா அப்பா இல்லாத பிள்ளைகள். அனாதை, அல்லது வீட்டைவிட்டு ஓடிப்போனவன், அல்லது பெரியவர்கள் வெளியூர் போயிருக்கிறார்கள். அப்போது எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும். இப்போது புரிகிறது, அம்மா கூடவே இருந்தால் "காட்டுப் பக்கம் போகாதே" என்று முதல் பக்கத்திலேயே கதையை முடித்துவிடுவாள்.

எல்லாவற்றையும் அனுப்புகிறேன், பொறுக்கி எடுக்கவில்லை. ஒரே ஒரு விஷயம். நீ பக்கத்தைப் பிரித்தபோது ஓநாயின் இடது காது பசையோடு பிய்ந்து எதிர்ப்பக்கத்துக்குப் போய்விட்டது. அது எங்கே என்று அவன் கட்டாயம் கேட்பான். நீயே சமாளி.

அம்மா