பஸ்காவுக்கு முந்தைய மூன்று ஞாயிறுகள்

லண்டன்
22-2-2026

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். சித்திரைக்குள் மன்றத்துப் பிள்ளைகளை வைத்து அரிசி, பருப்பு திரட்டப்போவதாக எழுதியிருந்தாய். இங்குள்ள முற்போக்கு யூத இளைஞர்கள் பஸ்கா என்ற யூதப் பண்டிகைக்கு முன் செய்யும் வேலை உனக்கு அப்படியே பயன்படும்.

இந்தப் பிரிவில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே உட்கார்ந்து தொழுவார்கள், பெண்களும் ராபி, அதாவது மதகுரு, ஆகலாம். லிலி மாண்டகு 1893-ல், இருபது வயதை ஒட்டி, உழைக்கும் பெண்களுக்கு ஒரு மன்றம் தொடங்கினார். 1902-ல், இந்தப் பிரிவின் வேர்களில் ஒன்றான இங்கிலாந்தின் லிபரல் யூத இயக்கம் பிறந்ததும் அவர் முயற்சியால்தான். சின்ன வயசுக்காரர்களிடம் சாவியைக் கொடுப்பது இவர்களுக்குப் புதிதல்ல.

பஸ்கா நாட்களில் கோதுமை, பார்லி, ஓட்ஸ் போன்ற ஐந்து தானியங்களில் புளித்த எதையும் உண்ண மாட்டார்கள். பலர் வீட்டிலேயே வைப்பதில்லை. அப்படி விலக்கிய உணவுக்கு ஹமெட்ஸ் என்று பெயர். பிரிக்காத பாஸ்தா, பிஸ்கட், மாவுப் பொட்டலங்களை, இல்லாதவர்களுக்கு உணவுப் பொருள் தரும் உணவு வங்கிக்குக் கொடுத்துவிடுவார்கள். இந்த ஆண்டு பஸ்கா ஏப்ரல் 1 மாலை தொடங்குகிறது. அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் மார்ச் 8, 15, 22 ஆகிய மூன்று ஞாயிறும் திரட்டலுக்கு, 24-ல் ஒப்படைப்பு. கடைசி வாரத்தில் வீடு கழுவும் வேலை இருப்பதால் ஒருவரும் வரமாட்டார்கள். சனிக்கிழமை ஓய்வுநாள், பணம் புழங்கக் கூடாது, அதனால்தான் ஞாயிறு.

முதல் வேலை உணவு வங்கிக்குப் போன் போடுவது. இதை விட்டால் எல்லாம் கெடும். அங்கே பாஸ்தா ஏற்கெனவே குவிந்து கிடக்கும், கெடாத பெட்டிப் பாலும் டின் பழமும்தான் குறையும். அதனால் அறிவிப்பிலேயே, "வீட்டிலிருப்பதோடு ஒரு பால் பெட்டியும் வாங்கி வாருங்கள்" என்று போட்டுவிட வேண்டும். பொருள் சேரும் தொழுகைக்கூடத்தின் வாசலில் காவல் இருக்கும், ஆகவே கொண்டுவருபவர் பெயர்களை முன்கூட்டியே காவலரிடம் கொடுத்துவைக்க வேண்டும்.

பெட்டிக்குச் சூப்பர்மார்க்கெட் வாழைப்பழப் பெட்டி. உறுதியானது, கைபிடிக்கத் துளை உண்டு, ஆனால் அடியில் பெரிய ஓட்டை. அட்டை ஒன்றை வெட்டிப் போடாவிட்டால் தூக்கும்போது டின் காலில் விழும். பத்து கிலோவுக்கு மேல் நிரப்பாதே. ஒவ்வொரு பொட்டலத்தின் தேதியையும் பார்த்து, எது முதலில் காலாவதியாகுமோ அந்த மாதத்தையும் ஆண்டையும் பெட்டியின் பக்கவாட்டில் தடித்த மார்க்கரில் எழுத வேண்டும். மேலே எழுதினால், அடுக்கியபின் தெரியாது. மாவுப் பை ஒன்று கிழிந்திருந்தாலும் பெட்டி முழுக்க வெள்ளையாகிவிடும், அதைத் தனியே வை.

ஆள் ஐந்து போதும்: போனுக்கு ஒருவர், வாசலுக்கு ஒருவர், பிரிக்க இருவர், காருக்கு ஒருவர். தலைமைக்கு மட்டும் எப்போதும் இருவர், ஒருவர் பழையவர், ஒருவர் புதியவர். இருபதுகளில் இருப்பவர்கள் வேலைக்கும் படிப்புக்கும் ஊர் மாறிவிடுவார்கள். தனி ஆள் கையில் இருந்தால் தொலைபேசி எண்களும் அவரோடே போய்விடும்.

உதவி பெறுகிறவர்களைப் படம் எடுக்கவே கூடாது. வயலின் ஓரத்தை அறுக்காமல் எளியவனுக்கு விட்டுவிடு என்று இவர்கள் வேதத்தில், லேவியராகமம் 19-ல் இருக்கிறது. இவர்கள் கொடையை ட்செடாக்கா என்பார்கள். அந்தச் சொல்லின் வேர் நீதி. கொடுப்பது தயவல்ல, கடன் என்ற எண்ணம் அதில் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

நம் ஊரில் ஆப்பிள் பெட்டி கிடைக்குமே, பழக்கடையில் இப்போதே சொல்லி வை. அம்மாவிடம் அடுத்த வாரம் பேசுகிறேன்.

அன்புடன்
அக்கா