டீசல் பில்லும் தேர்தல் தேதியும்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். லாரிகளில் ஒன்று எஃப்.சி. (தகுதிச் சான்று) வேலைக்காகப் பட்டறையில் நிற்கிறது, மற்றது ஓடுகிறது.

ரஷ்யாவிலிருந்து எண்ணெய் மலிவாக வந்தும் டீசல் விலை இறங்கவில்லையே, நடுவில் யாரோ லஞ்சப் பெட்டி வாங்கியிருக்கிறார்கள் என்று போனில் கொதித்தாய். கோபம் நியாயம்தான் கண்ணு. ஆனால் பெட்டி கைமாறியதற்கு உன்னிடமும் சான்று இல்லை, என்னிடமும் இல்லை. அரசிதழில் அச்சடித்துப் பகிரங்கமாகச் செய்ததற்குச் சான்று கொட்டிக் கிடக்கிறது. அதை முதலில் பார்.

2014 நடுவில் கச்சா எண்ணெய் பேரல் நூறு டாலருக்கு மேல் இருந்தது. 2016 ஜனவரியில் முப்பதுக்குக் கீழே விழுந்தது. அந்த இறக்கம் நம் டேங்குக்கு முழுதாக வந்து சேரவில்லை, ஏனென்றால் அதே காலத்தில் மத்திய அரசின் கலால் வரியை ஒன்பது முறை ஏற்றினார்கள். 2014 மே மாதம் லிட்டர் டீசலுக்கு மத்திய வரி 3.56 ரூபாய். 2020 மே மாதம் அது 31.83. ஊரடங்கில் நம் வண்டிகள் ஷெட்டில் நின்றபோது ஒரே இரவில் 13 ரூபாய் ஏற்றினார்கள், நினைவிருக்கிறதா? உலகச் சந்தை படுத்துக் கிடந்ததால் அந்த வரியால் பங்க் விலை ஒரு பைசா ஏறவில்லை. அதனால் யாருக்கும் வலிக்கவில்லை. வலி ஜூனில் வந்தது. மூன்று வாரம் தினமும் ஏறியது. பேசிய வாடகையோ பேசியதுதான், லோடு ஏற்றிய பிறகு லோடு கொடுத்தவரிடம் போய்க் கூட்டிக் கேட்க முடியாது.

இன்னொன்று உண்டு. 2021இல் டீசல் மீதான 31.80 ரூபாயில், மாநிலங்களுக்குப் பங்கு போகும் அடிப்படை வரி 1.80 மட்டுமே. மீதி செஸ் (தனி நோக்கத்துக்கான மேல்வரி), கூடுதல் வரி என்ற பெயரில் தில்லியிலேயே தங்கியது. மாநில அரசும் ஒன்றும் உத்தமர் இல்லை. 2021 ஆகஸ்ட் பட்ஜெட்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தார்கள், டீசலைத் தொடவில்லை. லாரிக்காரன் ஓட்டு அவ்வளவு கனமில்லை போலும்.

அதே மாதம் ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், முந்தைய ஆட்சி விட்டுப்போன எண்ணெய்ப் பத்திரக் கடன்தான் வரியைக் குறைக்க விடவில்லை என்றார். பத்திரம் உண்மை, எண்ணெய் நிறுவனங்களுக்கு மானியத்தைப் பணமாகத் தராமல் கடன் பத்திரமாக எழுதிக்கொடுத்தார்கள். மானியத்தைக் கணக்கில் காட்டாமல் அடுத்த தலைமுறையின் தலையில் கட்டிய தந்திரம் அது. ஆனால் அதற்கு வட்டி ஆண்டுக்குச் சுமார் 10,000 கோடி. 2020-21இல் பெட்ரோல், டீசல் கலால் வசூல் மூன்று லட்சம் கோடிக்கும் மேல். நம் கணக்குப்பிள்ளை இப்படி ஒரு காரணம் சொன்னால் மறுநாள் வேலைக்கு வரவேண்டாம் என்றிருப்பேன்.

என் சந்தேகம் வேறு இடத்தில் இருக்கிறது. பங்க் ரசீதில் அச்சு மங்கிவிடும் என்று ஒவ்வொன்றின் மேலும் விலையைப் பேனாவால் எழுதிவைப்பேன் அல்லவா? 2021 கோப்பைப் புரட்டினேன். மார்ச், ஏப்ரலில் ஏற்றமே இல்லை, சில நாள் பைசாக் கணக்கில் இறங்கியுமிருக்கிறது. மே 2 சட்டமன்றத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை. மே 4 முதல் மறுபடி ஏற்றம். அதே ஆண்டு நவம்பர் 4 முதல் விலை அப்படியே நின்றது. பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கிப் பேரல் நூறு டாலரைத் தாண்டியது, அப்போதும் நின்றது. மார்ச் 10 உத்தரப் பிரதேசத் தேர்தல் முடிவு வந்தது, 22ஆம் தேதி ஏற்றம் தொடங்கியது, இரண்டு வாரத்தில் சுமார் 10 ரூபாய். விலையை எண்ணெய் நிறுவனங்களே தீர்மானிக்கின்றன என்று கேட்கும்போதெல்லாம் சொல்கிறார்கள். அந்த நிறுவனங்களுக்குத் தேர்தல் நாட்காட்டி எதற்கு?

நீ கேட்ட ரஷ்ய எண்ணெய்க்கு வருகிறேன். 2022க்கு முன் நம் இறக்குமதியில் அதன் பங்கு மிகச் சொற்பம், 2023இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். 2023-24இல் மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களின் லாபம் சுமார் 81,000 கோடி. முந்தைய ஆண்டின் இழப்பை ஈடுகட்டினோம் என்கிறார்கள், அதில் பாதி நியாயம் உண்டு. மக்களுக்கு வந்தது 2024 மார்ச்சில் 2 ரூபாய், மக்களவைத் தேர்தல் அறிவிப்புக்கு ஓரிரு நாள் முன்பு. எந்தக் கப்பல் என்ன தள்ளுபடியில் வந்தது என்ற பட்டியலை நம் கண்ணில் காட்டுவதில்லை. கேட்க வேண்டியது அதைத்தான்.

முன்பும் ஒரு பெட்டிக் கதை இப்படித்தான் ஓடியது. நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீட்டில் 1.86 லட்சம் கோடி என்று தணிக்கைத் துறை சொன்னபோது, யாரோ அவ்வளவு பணத்தையும் மூட்டை கட்டினார்கள் என்று ஊரே பேசியது. அது தனியாருக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஆதாயத்தின் மதிப்பீடு. ஆனாலும் 2014இல் உச்ச நீதிமன்றம் 214 ஒதுக்கீடுகளை ரத்து செய்தது. ஒதுக்கிய முறையே தவறு என்பதற்குக் கோப்புகள் இருந்தன.

பெட்டி கைமாறியது என்று நீ அனுப்பிய படத்தைப் பெரியப்பா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அதற்குக் கீழே இந்தத் தேதிகளையும் வரிக் கணக்கையும் எழுதினேன். பெட்டிக் கதையை ஏற்காததால் என்னை ஆளுங்கட்சி ஆள் என்கிறார். போன மாதம்வரை எதிர்க்கட்சி ஆள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பொங்கலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா