தனியாக வருபவருக்கு அறை இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காதல் முறிந்தவர்களும் திருமணம் நின்றுபோனவர்களும் தெரியாத தேசத்துக்குத் தனியாகக் கிளம்பிப் போவது இப்போது பழக்கமாகிவிட்டது என்றும், பெற்றோர் இதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்றும் சென்ற வாரம் இப்பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். "இங்கே இல்லாத மலையா, கடலா, கோயிலா?" என்றும் அவர் கேட்டிருந்தார். அவருடைய கவலையில் அன்பு இருக்கிறது, அதை மதிக்கிறேன். ஆனால் அப்படிப் போன ஒருத்தி என்ற முறையில் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், அழைப்பிதழ் அச்சாகி, மண்டபத்துக்கு முன்பணமும் கட்டிய பிறகு என் திருமணம் நின்றுபோனது. ஆறு ஆண்டுகள் பழகி, இரு வீட்டாரிடமும் பேசிச் சம்மதம் வாங்கி, நிச்சயம் செய்துகொண்ட திருமணம். காரணத்தை இங்கே எழுதப் போவதில்லை. அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்வார்கள், பிறகு என் அறைக் கதவைப் பார்ப்பார்கள். பால்காரர் முதல் அலுவலகக் காவலாளி வரை எல்லோரும் என்னிடம் குரலைத் தாழ்த்திப் பேசத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் அல்லர். ஆனாலும் நாளுக்குப் பத்து முறை நினைவூட்டப்படும் துக்கம் எப்படி ஆறும்?

அப்போதும் நான் வெளிநாட்டை நினைக்கவில்லை. நான்கு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, சிறு வயதில் தாத்தாவுடன் போன ஒரு கோயில் ஊருக்குத்தான் பேருந்து ஏறினேன். போய்ச் சேரும்போது இரவு எட்டரை மணி. முதல் இரண்டு விடுதிகளில் எத்தனை பேர் என்று கேட்டார்கள். நான் மட்டும்தான் என்றதும் அறை இல்லை என்றார்கள். மூன்றாவது விடுதியில் இருந்த பெரியவர் மட்டும் மறைக்காமல் சொன்னார்: "தப்பா நினைச்சுக்காதம்மா, தனியா வர்றவங்களுக்கு ரூம் குடுக்கிறதில்ல. ஏதாவது ஆயிட்டா போலீஸ், கோர்ட்டுன்னு நாங்கதான் அலையணும்." அவருடைய மேசைக்குப் பின்னால் அதே வாசகம் அச்சிட்டு ஒட்டப்பட்டிருந்தது. அன்று இரவு முழுவதும் பேருந்து நிலையத்தின் சிமென்ட் பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, விடியற்காலை முதல் பேருந்தில் ஊர் திரும்பினேன். எந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தாரோ அந்தப் பெண்ணையே, அந்த நேரத்தில் இருந்தவற்றிலேயே ஆபத்தான இடத்துக்குத் தானே அனுப்பிவைத்தோம் என்பது அவருக்குத் தோன்றியிருக்காது.

வியட்நாமுக்குப் போனது அதற்கு இரண்டு மாதங்கள் கழித்து, நவம்பரில். இந்தியர்களுக்கு இணையம் வழியாகவே விசா கிடைக்கிறது, செலவும் குறைவு, அங்கே எனக்கு ஒருவரையும் தெரியாது. இவற்றைத் தவிர அந்நாட்டைத் தேர்ந்தெடுக்க வேறு காரணம் இருக்கவில்லை. அப்பா தடுக்கவில்லை. தூங்கப் போகும் முன் தங்கியிருக்கும் ஊரின் பெயரையும் விடுதியின் தொலைபேசி எண்ணையும் அனுப்பிவிட வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். ஒரு நாளும் தவறாமல் அனுப்பினேன்.

வடக்கே தலைநகர் ஹனோயிலிருந்து தெற்கே சைகோன் (இன்றைய ஹோ சி மின் நகரம்) வரை 1,726 கிலோமீட்டருக்கு ஒற்றை ரயில் பாதை ஓடுகிறது. பிரெஞ்சு ஆட்சியில் 1936-இல் முடிந்த பாதை, நாடு இரண்டாகப் பிரிந்தபோது துண்டிக்கப்பட்டு, போர் முடிந்து 1976-ஆம் ஆண்டின் இறுதியில் மீண்டும் இணைக்கப்பட்டது. இறங்காமல் போனால் ஏறக்குறைய ஒன்றரை நாள். நான் பதினெட்டு நாட்கள் எடுத்துக்கொண்டேன்.

ஹனோயில் விடுதி மேசையில் இருந்த பெண்ணும் எத்தனை பேர் என்றுதான் கேட்டாள். ஒருத்தி என்றேன். பாஸ்போர்ட்டை வாங்கிப் பதிவு செய்துகொண்டு, பின்பக்க அறையில் வண்டிச் சத்தம் குறைவாக இருக்கும் என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தாள். வெளிநாட்டவர் தங்குவதைக் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்ற சட்டம் அங்கேயும் இருக்கிறது. தெரிவித்தார்கள், அறையும் கொடுத்தார்கள்.

ஹனோயிலிருந்து ஹுவே போகும் இரவு ரயிலில், ஆறு படுக்கைகள் கொண்ட தடுப்பில் எனக்கு எதிரே ஒரு பாட்டி இருந்தார். வண்டி கிளம்பிய சிறிது நேரத்தில் ஒரு பம்ப்ளிமாஸ் பழத்தை எடுத்து, கட்டை விரலால் தோலைக் கீறிப் பிளந்து, ஒவ்வொரு சுளையாக வெள்ளைச் சவ்வை உரித்து, உப்பும் மிளகாயும் கலந்த பொடியில் தொட்டு என்னிடம் நீட்டினார். நாம் மாங்காய்க்குத் தொட்டுக்கொள்வோமே, கிட்டத்தட்ட அதே பொடி. பிறகு என் வயதைக் கேட்டார். அந்த மொழியில் அக்கா, தங்கை, பாட்டி, பேத்தி என்று ஏதாவது ஓர் உறவு வைத்துத்தான் பேச முடியும் என்பதால் முதலில் வயது தெரிந்தாக வேண்டும். தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடுத்த கேள்வி, நான் பயந்துகொண்டிருந்த அதே கேள்வி. கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலி இல்லாமலே அது எனக்குப் புரிந்தது.

அவர்கள் அதைக் கேட்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். திருமணம் 'ஆயிற்றா, இன்னும் இல்லையா' என்பதாகவே அந்தக் கேள்வி அமைகிறது. ஆகியிருந்தால் 'ரோய்' என்று சொல்ல வேண்டும், ஆகாவிட்டால் 'சுவா', அதாவது 'இன்னும் இல்லை'. வெறுமனே 'இல்லை' என்று சொல்லி முடிப்பது வழக்கமில்லை. நான் 'சுவா' என்றேன். பாட்டி தலையை ஆட்டிவிட்டு அடுத்த சுளையை உரிக்கத் தொடங்கினார். ஊரில் மாதக்கணக்காக நான் பதில் சொல்லாமல் தப்பித்து வந்த கேள்வி அங்கே ஒரு பழச்சுளைக்குள் முடிந்துவிட்டது.

பயணம் என் துக்கத்தைத் தீர்த்துவிட்டது என்று எழுதினால் அது பொய். ஹுவேயில் மூன்று நாள் விடாத மழை. நுயென் வம்சத்து மன்னர்களின் தலைநகரமாக இருந்த அந்த ஊரில், பார்க்க வேண்டிய கோட்டை நடந்து போகும் தொலைவில் இருந்தும், அறையை விட்டு வெளியே வராமல் அழுதுகொண்டிருந்தேன். இரண்டாம் நாள் மதியம் விடுதிக்காரரின் மனைவி கதவைத் தட்டி, காளான் போட்ட அரிசிக் கஞ்சி ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். என் முகத்தைப் பார்த்திருப்பார், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. வந்த அன்றே நான் சைவம் என்று சொல்லியிருந்ததை நினைவில் வைத்திருந்தார். (சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே பலர் சைவம் உண்கிறார்கள், ஆகவே சைவ உணவைக் குறிக்கும் 'சாய்' என்ற ஒரு சொல் தெரிந்தால் சைவம் உண்பவர்கள் அந்நாட்டில் பட்டினி கிடக்க வேண்டாம்.) அந்தக் கஞ்சியின் சூட்டை இன்றும் என் கையில் உணர்கிறேன்.

சைகோனில் கடைசி இரண்டு நாட்கள். அங்கே துரோங் தின் தெருவில், பிரெஞ்சுக்காரர் காலத்தில் வணிகத்துக்குப் போன தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. இன்று கும்பிட வருபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள். கருவறைக்குப் பின்னால் உள்ள கற்சுவரில் நெற்றியையும் இரு உள்ளங்கைகளையும் பதித்து, அம்மனுக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்து வேண்டிக்கொள்கிறார்கள். என் வயதுள்ள ஒரு பெண் அப்படி நெடுநேரம் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்து, எனக்கு இடம் விட்டாள். அந்தக் கல்லில் நெற்றியை வைத்து, நடந்தது முழுவதையும் முதல் தடவையாகத் தமிழில் வாய்விட்டுச் சொன்னேன். சுற்றி நின்றவர்களுக்கு அது புரியாது என்பதால்தான் சொல்ல முடிந்தது.

இதைத்தான் அந்த வாசகருக்குச் சொல்ல விரும்புகிறேன். மலையும் கடலும் கோயிலும் இங்கே நிறையவே இருக்கின்றன. யாருக்கும் விளக்கம் சொல்லாமல் ஒருத்தி நான்கு நாள் இருந்துவிட்டு வர ஓர் அறை இல்லை. விடுதி உரிமையாளர்களின் பயம் பொய்யானது என்று நான் சொல்லவில்லை, சிலருக்கு அப்படி நேர்ந்தும் இருக்கலாம். ஆதார் நகலோடு வீட்டில் உள்ள ஒருவரின் எண்ணையும் வாங்கி, அந்த எண்ணை எங்கள் முன்னிலையிலேயே அழைத்துப் பேசட்டும், அதில் எங்களுக்கு மனத்தாங்கல் இல்லை. மனநல ஆலோசனைக்காக மத்திய அரசு 2022-இல் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையில் 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். தனி நபருக்கு அறை இல்லை என்ற தாளைக் கிழித்துவிட்டு அந்த எண்ணை ஒவ்வோர் அறையிலும் ஒட்டிவைக்க எவ்வளவு செலவாகிவிடும்?

சென்ற மாதம் அதே கோயில் ஊருக்குப் போக ஆசைப்பட்டு, இந்த முறை முன்கூட்டியே நான்கு விடுதிகளுக்குத் தொலைபேசியில் பேசினேன். நான்கிலும் முதல் கேள்வி எத்தனை பேர் என்பதுதான், நான்கிலும் அறை இல்லை. தங்கள் நிருபர் ஒருவர் நம் மாநிலத்தின் சில யாத்திரைத் தலங்களுக்குத் தனியாகப் போய் அறை கேட்டுப் பார்த்து, கிடைத்த பதில்களை அப்படியே வெளியிட வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த நிருபர் ஒரு பெண்ணாக இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி,
(பெயர் வெளியிட வேண்டாம்)
திருச்சிராப்பள்ளி