கடல்நீர் மீன் தொட்டியைப் பெரிய தொட்டிக்கு மாற்றித் தந்ததில் நேர்ந்த இழப்பு குறித்த புகார்

சென்னை
10.02.2025

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இந்த மாதம் 2ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, உங்கள் ஆட்கள் மூன்று பேர் வந்து என் 3 அடி கடல்நீர்த் தொட்டியில் இருந்ததையெல்லாம் நீங்கள் செய்து தந்த 5 அடித் தொட்டிக்கு மாற்றினார்கள். அதற்கான கூலி 18,000 ரூபாயை முன்பே கட்டிவிட்டேன். வியாழக்கிழமைக்குள் ஏழு மீன்களில் ஐந்து செத்துவிட்டன. பூப்போல இருக்கும் கடல் உயிரான கடல் சாமந்தியும் கரைந்துபோனது.

தொட்டியில் ஒரு குறையும் இல்லை. 12 மி.மீ. கண்ணாடி, ஒட்டிய வேலை அவ்வளவு சுத்தம், ஒரு சொட்டு கசியவில்லை. என் புகார் மாற்றிய விதத்தைப் பற்றித்தான்.

பழைய தொட்டிக்கு ஆறு வயது. அடியில் மூன்று அங்குல மணல். அத்தனை வருடக் கழிவும் தீனித் துணுக்கும் அதற்குள்தான் இறங்கிக் கிடக்கும். காற்றுப் படாத அடி மணல் கறுத்துப்போய், கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதனால்தான் ஜனவரியிலேயே வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டேன்: பழைய மணல் வேண்டாம், புது மணல் போடுங்கள், பணம் தருகிறேன் என்று. "சரி மேடம், 40 கிலோ புது மணல்" என்று பதில் வந்தது. பில்லிலும் 40 கிலோ போட்டிருக்கிறீர்கள். ஆனால் அன்று வண்டியில் மணல் மூட்டையே வரவில்லை. "மண்ணுலதான் மேடம் பாக்டீரியா இருக்கு, கழுவினா போயிடும்" என்று சொல்லிவிட்டு, பழைய மணலை மக்கில் அள்ளி அப்படியே புதுத் தொட்டியில் கொட்டினார்கள். தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியது. வீடு முழுக்க அந்த நாற்றம்.

மணலில் பாக்டீரியா இருப்பது உண்மைதான். ஆனால் கழிவைச் சிதைத்துத் தொட்டியைத் தாங்குகிற பாக்டீரியாவில் பெரும்பங்கு பாறைகளில் இருக்கிறது. அந்தப் பாறைகளுக்கு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. 30 கிலோ லைவ் ராக்கை, அதாவது பாக்டீரியாவும் சிறு உயிர்களும் வாழும் அந்தப் பாறைகளை, தண்ணீரே இல்லாத டப்பில் போட்டு, மின்விசிறிக்குக் கீழே காலை 11 மணியிலிருந்து 3 மணி வரை காயவிட்டார்கள். நான் துண்டை உப்புத் தண்ணீரில் நனைத்துப் போர்த்தினேன். வேலைக்கு இடைஞ்சல் என்று அதை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டார்கள். பாறைக்குள் இருக்கும் பஞ்சுயிர்களும் புழுக்களும் காய்ந்து செத்தால், அவை அழுகி அம்மோனியாவாகத்தானே வெளியே வரும்?

உப்பையும் முதல் நாளே கரைத்து வையுங்கள் என்று சொல்லியிருந்தேன். அன்றுதான் கரைத்தார்கள். பழைய தொட்டியில் உப்பின் அளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025 இருந்தது, புதியதில் 1.021. புதுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து பழக்காமல் மீன்களை அப்படியே விட்டார்கள்.

இரவே மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவித்தன. திங்கள் காலை அம்மோனியா 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு). போன் செய்தேன். "ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றார்கள். நன்னீர்த் தொட்டியில் ஒருவேளை தாக்குப்பிடிக்கலாம். கடல்நீரில் காரத்தன்மையைக் காட்டும் பிஹெச் 8.2 வரை இருப்பதால் அதே அளவு அம்மோனியா பல மடங்கு விஷம். இதைத் தொழிலாகச் செய்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். நானே இரண்டு முறை 100 லிட்டர் தண்ணீர் மாற்றினேன். உங்கள் பக்கமிருந்து யாரும் வரவில்லை.

செத்தவற்றில் பெண் க்ளவுன் மீனும் ஒன்று. 2019 முதல் அந்த ஜோடி என்னிடம் இருந்தது. ஒரே பாறையின் ஓரத்தில்தான் முட்டையிடும். முட்டை பொரிக்கும்வரை ஆண் மீன் துடுப்பால் விசிறிக்கொண்டே பக்கத்தில் நிற்கும். இப்போது அது மட்டும் அந்தப் பாறையைச் சுற்றி வருகிறது. அதற்கு என்ன விலை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. வெள்ளிக்கிழமை உங்கள் ஊழியர் போனில், "ஈடா கல் பவளம் ரெண்டு பீஸ் தர்றோம்" என்றார். கல் பவளங்கள் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், கடும் பாதுகாப்பில் உள்ளவை. நான் மென்பவளங்கள் மட்டுமே வளர்க்கிறேன். கடலை நேசித்துத்தான் இந்தத் தொட்டியை வைத்திருக்கிறேன், தயவுசெய்து அந்தப் பேச்சை யாரிடமும் எடுக்காதீர்கள்.

எனக்கு வேண்டியது இதுதான். கூலி 18,000 ரூபாயையும், வராத மணலுக்கு வாங்கிய பணத்தையும் திருப்பித் தாருங்கள். ஐந்து மீன்களுக்கும் கடல் சாமந்திக்கும் பில்லில் உள்ள விலையைத் தாருங்கள். அப்புறம், கடல்நீர்த் தொட்டி தெரிந்த ஒருவரை அனுப்பி, அந்த மணலைக் குழாய் வைத்து வாரம் கொஞ்சமாக உறிஞ்சி எடுத்துத் தாருங்கள். மிச்சமிருக்கும் இரண்டு மீன்களும் அதில்தான் இருக்கின்றன, அதனால் இதை முதலில் செய்யுங்கள்.

15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல்கள், வாட்ஸ்அப் உரையாடல், அம்மோனியா சோதனைப் படங்கள்