பழைய சிபியுவும் புதிய கெர்னலும்

அன்பு சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. டெபியன் 13 லினக்ஸ் தொகுப்பில் பழைய பிசிக்கான 32 பிட் கெர்னலையே (சிஸ்டத்தின் மையப் பகுதியையே) எடுத்துவிட்டார்கள், வேகத்துக்காகப் பழைய மெஷின்களைக் கைகழுவிவிட்டார்கள் என்று பொருமியிருக்கிறாய். பொருமல் நியாயம், ஆனால் வேகம் அதில் சின்னப் பங்குதான்.

எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை சிபியு) லினக்ஸ் கெர்னல் பூட் ஆகும்போதே சிபியுவில் என்ன வசதி இருக்கிறது என்று பார்த்து, தன் எந்திரக் கட்டளைகளைத் தானே திருத்தி எழுதிக்கொள்ளும். 'ஆல்டர்னேட்டிவ்ஸ்' என்பது அதுதான். ஒரே கோர் உள்ள மெஷின் என்றால், பல கோர்கள் ஒரே நினைவிடத்தில் மோதாமல் காக்கும் 'லாக்' முன்னொட்டான எஃப்0 பைட்டின் மேல் 3இ என்று எழுதிவிடும். 3இ அங்கே எதையும் மாற்றாது. கட்டளையின் நீளமும் அப்படியே. பல டிஸ்க்குகளைச் சேர்த்துத் தரவைக் காக்கும் ரெய்டு 6 கணக்குக்கோ, பூட்டிலேயே பல வழிகளை ஓட்டிப் பார்த்து வேகமானதை எடுத்துக்கொள்கிறது. கெர்னல் பதிவுகளைக் காட்டும் டிமெசேஜில் பார், தெரியும்.

இப்படி ஒட்டுப்போட முடியாத இடத்தில்தான் வம்பு. இன்டெலின் பழைய 386 சிபியுவில், படிக்க மட்டுமே அனுமதியுள்ள பக்கத்தில் கெர்னல் எழுதினால் சிபியு தடுக்காது. காப்பி-ஆன்-ரைட்டே (எழுதும்போது மட்டும் பக்கத்தை நகலெடுக்கும் முறை) அந்தத் தடையை நம்பி நிற்பது. அதனால் பயனர் நினைவகத்தில் எழுதும் ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே சோதிக்க வேண்டியிருந்தது. 2012 டிசம்பரில் கெர்னல் உருவாக்குநர் இங்கோ மோல்நர் வழியாக வந்த திருத்தங்கள் 386 ஆதரவையே நீக்கின. 2013 பிப்ரவரியில் வந்த 3.8-இல் 386 இல்லை. லினக்ஸ் பிறந்ததே 386-இல் என்பது வேறு கதை!

அடுத்து வந்த 486-க்கு 'சிஎம்பிஎக்ஸ்சிஹெச்ஜி8பி' என்ற கட்டளை கிடையாது. 64 பிட் மதிப்பை ஒரே மூச்சில் ஒப்பிட்டு மாற்ற, இன்டரப்டை (சாதனங்களின் குறுக்கீட்டை) நிறுத்திவிட்டுப் பல கட்டளைகளில் செய்ய வேண்டும். வேலை நடக்கும். ஆனால் அந்தப் பாதையை ஓட்டிப் பார்க்க இன்று ஆளில்லை. பிழை புகுந்தால் வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாது. 2025 ஏப்ரலில் 486 ஆதரவையும் நீக்க மோல்நரே பேட்ச் (திருத்தம்) அனுப்பினார். என்னைக் கேட்டால் சரியான முடிவு.

இனி உன் மெஷின். ப்ராக் அடியில் உள்ள சிபியுஇன்ஃபோ கோப்பில் 'ஃபிளாக்ஸ்' வரியைப் பார். 'எல்எம்' இருந்தால் சிபியு 64 பிட். டெபியனின் பேக்கேஜ் கருவியான டிபிகேஜியில் ஏஎம்டி64-ஐ (64 பிட் வகையை) கூடுதல் ஆர்க்கிடெக்சராகச் சேர்த்து, 64 பிட் கெர்னலை மட்டும் நிறுவு. மற்ற 32 பிட் மென்பொருள் எல்லாம் அப்படியே ஓடும். தனியாகக் கம்பைல் செய்யும் கெர்னல் மாட்யூல் (டிரைவர் போன்ற துண்டு) ஏதாவது இருந்தால் மட்டும் 64 பிட் கம்பைலர் கேட்கும்.

'எல்எம்' இல்லையென்றால் கெர்னலை நீயே கம்பைல் செய்துகொள், ஆனால் வேகமான வேறு மெஷினில். பழைய மெஷினின் எல்எஸ்மாட் பட்டியலை (லோட் ஆகியுள்ள மாட்யூல்களை) கொண்டுபோய், அவற்றை மட்டும் கெர்னலில் சேர்க்கும் 'லோக்கல்மாட்கான்ஃபிக்' ஓட்டு. பட்டியல் எடுக்கும் முன் பழைய மெஷினில் யூஎஸ்பி டிஸ்க், பிரிண்டர் எல்லாவற்றையும் செருகி வை. அந்த நேரத்தில் லோட் ஆகாத மாட்யூல் கெர்னலில் வராது. 'ப்ராசஸர் ஃபேமிலி' தேர்வில் உன் சிபியுவைவிட ஒரு படி கூடுதலாகத் தேர்ந்தெடுத்துவிடாதே, பூட்டிலேயே நின்றுவிடும். ரேம் 896 எம்பிக்குள் என்றால் அதற்கு மேலான ரேமுக்கான ஹைமெமை அணைத்துவிடு.

சில பெண்டியம் எம் சிப்புகளில் பிஏஇ (32 பிட்டில் 4 ஜிபிக்கு மேல் ரேமை அணுகும் வசதி) இருந்தும் ஃபிளாக்ஸில் காட்டாது. பிஏஇ கெர்னல் 'வசதி இல்லை' என்று அடம்பிடித்தால் பூட் வரியில் 'ஃபோர்ஸ்பிஏஇ' சேர்த்துப் பார்.

ஃபிளாக்ஸ் வரியை அப்படியே அனுப்பு, கான்ஃபிக் கோப்பை நான் போட்டுத் தருகிறேன். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரவி